விளம்பரத்தைப் பார்ப்பதா, வார்டைப் பார்ப்பதா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியான வாரத்தில் பாடாங் செராய் வட்டாரப் பிள்ளைகளுக்கு முன் இரண்டு வாகனங்கள் வந்து நிற்கின்றன. ஒன்று, 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்து. ஏறி உட்கார்ந்தால் அடுத்த மாதமே சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு முதல் 1,700 வெள்ளி. மிகை நேரம் செய்தால் அதற்கு மேலும் கிடைக்கும். மற்றொன்று, ஏதோ ஒரு கல்லூரிக்கு ஆள் சேர்க்க வந்த முகவரின் கார். அதில் வண்ண வண்ணக் கையேடுகள் இருக்கும். வெள்ளைச் சீருடையில் சிரிக்கும் பெண்களின் படம் அட்டையில் இருக்கும். "கடனுதவி நாங்களே வாங்கித் தருகிறோம், தங்கும் விடுதி உண்டு, வேலைக்குப் பயமில்லை" என்ற மூன்று வாக்கியங்கள் முகவரின் வாயில் இருக்கும்.

ஒரு காலத்தில் விக்டோரியா போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த குடும்பங்கள்தாம் இன்று பாடாங் செராய், லூனாஸ், கூலிம் தாமான்களில் குடியிருக்கின்றன. தோட்டத்து ஆஸ்பத்திரியில் 'மிஸ்ஸி'யைக் கண்டால் எழுந்து நின்ற தலைமுறை அது. தன் மகள் மிஸ்ஸியாவாள் என்றால் அந்தத் தாய்க்கு வரும் மகிழ்ச்சிக்கு அளவேது? அந்த மகிழ்ச்சியில்தான் பலர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு விடுகின்றனர்.

தாதிமைப் படிப்பு நல்ல படிப்பு. நாட்டுக்குத் தாதியர் தேவை, வெளிநாடுகளுக்கும் தேவை. ஆனால் எந்தக் கல்லூரியில், எந்தச் சான்றிதழுக்கு, யார் பணத்தில் படிப்பது என்ற மூன்றையும் பொறுத்தே அது வாழ்வாகவோ கடனாகவோ முடிகிறது.

பட்ட பாடு

இந்த நாட்டில் இது ஒருமுறை நடந்து முடிந்த கதை. 2000ஆம் ஆண்டுகளில் தனியார் தாதியர் கல்லூரிகள் மளமளவென்று பெருகின. பிடிபிடிஎன் எனப்படும் தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகம் 1997இல் தொடங்கப்பட்டிருந்தது. அதன் கடனை நம்பியே பல கல்லூரிகள் மாணவர்களைச் சேர்த்தன. அப்போது மூன்று பாடங்களில் கிரெடிட் இருந்தாலே டிப்ளோமாவில் சேர முடிந்தது.

விளைவு என்ன? உயர்கல்வி அமைச்சின் கணக்கெடுப்பின்படி, தனியார் கல்லூரிகளில் தாதிமை டிப்ளோமா முடித்து மூன்று நான்கு மாதங்கள் ஆகியும் வேலை கிடைக்காதவர்கள் 2008இல் 21.7 விழுக்காடு. 2010இல் அது 54 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது இருவரில் ஒருவருக்கும் மேல். தனியார் மருத்துவமனைகள் அனுபவமுள்ளவர்களைத் தேடின. அரசாங்க மருத்துவமனைகள் தங்கள் சொந்தப் பயிற்சிக் கழகங்களில் படித்தவர்களை முதலில் எடுத்துக்கொண்டன. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கடன் வாங்கிப் படித்த பிள்ளைகள்.

அரசாங்கம் 2010இல் விழித்துக்கொண்டது. நுழைவுத் தகுதி மூன்று கிரெடிட்டிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது. புதிய தாதிமைப் பாடத்திட்டங்களுக்கு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் அதற்குள் வாங்கிய கடன் வாங்கியதுதான்.

அந்தக் கடனின் கனத்தை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஒரு பிள்ளை 50,000 வெள்ளி கடன் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 வெள்ளி தவறாமல் கட்டினாலும் அசலை அடைக்க ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டு நிர்வாகக் கட்டணம் தனி. இருபத்தோரு வயதில் படிப்பை முடிப்பவள் முப்பத்தைந்து வயதில்தான் அந்தக் கடனிலிருந்து விடுபடுவாள். தாதி வேலை கிடைத்தால் இது தாங்கக்கூடிய சுமை. வேலை கிடைக்காமல் அதே தொழிற்சாலைப் பேருந்தில் ஏற வேண்டி வந்தால்? மூன்றாண்டும் போய், கடனும் சேர்ந்து, தோழிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

கல்லூரிக்கு முன் வார்டு

தாதிமைக் கல்வி எங்கே பிறந்தது என்று பார்த்தால் எதைத் தேட வேண்டும் என்பது புரியும். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் லண்டனில் தம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தாதியர் பள்ளி தொடங்கியதும் தம் மருத்துவமனையை ஒட்டித்தான். முதலில் நோயாளி, பிறகு வார்டு, அதன் பிறகே வகுப்பறை. நீச்சலைக் கரும்பலகையில் கற்க முடியாததுபோல், தாதிமையையும் கட்டிலருகே நின்றுதான் கற்க முடியும்.

ஆகவே கல்லூரியின் கட்டடம் எத்தனை மாடி, வகுப்பறையில் குளிர்சாதனம் உண்டா என்பதெல்லாம் பின்னால். மாணவர்கள் எந்த மருத்துவமனை வார்டுகளில் பயிற்சி பெறுகிறார்கள் என்பதே முதல் கேள்வி. சொந்த மருத்துவமனை உள்ள கல்லூரிக்கு இதில் சிரமமில்லை. சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரி, அரசாங்க அல்லது தனியார் மருத்துவமனைகளில் இடம் கேட்டுப் பெற வேண்டும. பல கல்லூரி மாணவர்கள் ஒரே வார்டில் குவிந்தால், ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஊசி போடக் கற்பவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அடுத்தது உரிமம். கல்லூரி தரும் டிப்ளோமா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்நாட்டில் தாதியாக முடியாது. 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டத்தின் கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பெயர் பதிவாக வேண்டும். அதற்கு வாரியம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். பதிந்த பிறகும் ஆண்டுதோறும் பணிபுரியும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். எனவே பாடத்திட்டம் இரண்டு கதவுகளையும் கடந்ததா என்று பார்க்க வேண்டும்: எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பின் அங்கீகாரம், தாதியர் வாரியத்தின் ஒப்புதல். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் அந்தப் படிப்பு பாதியில் நிற்கும் பாலம்.

பெயரில் ஏமாறுவோர் உண்டு. 'சுகாதாரப் பராமரிப்பு', 'நோயாளி உதவியாளர்', 'முதியோர் பராமரிப்பு' என்ற பெயர்களில் ஆறு மாதம், ஓராண்டுச் சான்றிதழ்கள் இருக்கின்றன. அவை தவறான படிப்புகள் அல்ல. அவற்றுக்கும் வேலை உண்டு. ஆனால் அவற்றை முடித்தவர் பதிவுபெற்ற தாதி ஆக மாட்டார். "இதுவும் நர்சிங்தான்" என்று முகவர் சொன்னால், "தாதியர் வாரியத் தேர்வு எழுதலாமா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதில் ஒரே சொல்லில் வர வேண்டும்.

பாடாங் செராயிலிருந்து போகும் வழிகள்

முதல் வழி, சுகாதார அமைச்சின் சொந்தப் பயிற்சிக் கழகங்கள். அலோர் ஸ்டாரிலும் பினாங்கிலும் இத்தகைய தாதியர் பயிற்சிக் கழகங்கள் உள்ளன. படிக்கும் காலத்தில் உதவித்தொகை உண்டு. முடித்த பிறகு அரசாங்கத்துக்குச் சேவை செய்யும் ஒப்பந்தமும் உண்டு. போட்டி கடுமைதான். "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்" என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர்களுக்கு நிச்சயம் கிடைக்காது. விண்ணப்பக் காலம் குறுகியது. முடிவு வந்த பிறகு தேடத் தொடங்கினால் பிந்திவிடும். ஐந்தாம் படிவத்திலேயே விசாரித்து வைக்க வேண்டும்.

இரண்டாம் வழி, மருத்துவமனைகள் நடத்தும் கல்லூரிகள். பினாங்கில் லாம் வா ஈ, அட்வென்டிஸ்ட் ஆகிய மருத்துவமனைகளைச் சார்ந்த தாதியர் கல்லூரிகள் நீண்ட காலமாக உள்ளன. மருத்துவமனைகள் சில மாணவர்களுக்குச் செலவை ஏற்றுக்கொண்டு, முடித்த பின் சில ஆண்டுகள் தங்களிடமே பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தம் செய்வது வழக்கம். அந்த ஒப்பந்தத்தைக் கண்டு பெற்றோர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டியதில்லை, அதில் வேலை உறுதியும் சேர்ந்தே வருகிறது. எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டு வரிகளை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

மூன்றாம் வழி, பிடிபிடிஎன் கடனில் மற்றத் தனியார் கல்லூரிகளில் படிப்பது. நல்ல கல்லூரிகள் இதிலும் உண்டு. ஆனால் விசாரணை மிகுதியாகத் தேவைப்படுவது இந்த வழியில்தான்.

நான்காம் வழி, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு. அறிவியல் பாடங்களில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைக்கு, இரண்டாண்டு பொறுத்தால் குறைந்த கட்டணத்தில் பட்டமே கிடைக்கும். டிப்ளோமாவுடன் வேலைக்குப் போனவர்களும் பின்னர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறலாம். ஆகவே டிப்ளோமாவோடு கதவு மூடுவதில்லை.

தகுதியைப் பொறுத்தவரை, ஐந்து கிரெடிட்டைக் குறியாக வைத்துப் படிப்பதே பாதுகாப்பு. தேசிய மொழி, கணிதம், ஏதேனும் ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட்டும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் கண்டிப்பாகக் கையில் இருக்கட்டும். நுழைவு விதிகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. முகவர் சொல்வதை விட்டு, சேரப் போகும் ஆண்டின் விதியைத் தாதியர் வாரியத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது.

பையன்களுக்கு ஒரு பழைய பாதை

"ஆம்பளைப் பிள்ளைக்கு நர்ஸ் வேலையா?" என்ற கேள்வி இன்னும் கேட்கத்தான் செய்கிறது. ஆண்களும் தாதியராகலாம், ஆகியும் இருக்கிறார்கள். அதோடு தோட்டத்து மக்களுக்கு நன்கு தெரிந்த இன்னொரு பாதையும் உண்டு. அதுதான் 'டிரசர்' பாதை.

தோட்டத்தில் காய்ச்சல், பாம்புக்கடி, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, கத்திக் காயம் எதுவானாலும் முதலில் பார்த்தவர் டிரசர்தான். டாக்டர் குறிப்பிட்ட நாளில் வந்து போவார். மற்ற நாள்களில் டிரசரே வைத்தியர். அவர்களைப் பதிவு செய்யத் தோட்ட மருத்துவ உதவியாளர் சட்டம் 1965இல் வந்தது. அதே 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற மருத்துவரும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பயிற்சியைத் தொடங்கினர். டாக்டர் எட்டாத இடங்களில், கூடுதல் பயிற்சி பெற்ற தாதியே நோயாளியைச் சோதித்துச் சிகிச்சை தொடங்கலாம் என்பது அதன் கருத்து. அங்கே புதிதாகப் பேசப்பட்டதன் சாயலை நம் தோட்டங்கள் அதற்கு முன்பே கண்டிருந்தன.

மலேசியாவில் டிரசரின் வாரிசு, இன்றைய உதவி மருத்துவ அதிகாரி. 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறும் இவர்கள் மூன்றாண்டு டிப்ளோமா முடித்து, அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் முதலில் நோயாளியைப் பார்க்கின்றனர். தாதிகளுக்கோ வேறு ஏணி: சிறுநீரகம், தீவிரச் சிகிச்சை, அறுவைக்கூடம், மகப்பேறு என்று ஏதேனும் ஒரு துறையில் கூடுதல் பயிற்சி, பிறகு பட்டம், பிறகு முதுகலை. எந்த ஏணியில் ஏறப் பிள்ளைக்கு விருப்பம் என்று கேட்டுவிட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

கல்லூரிக்குப் போகும் பெற்றோர் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.

ஒன்று: கடைசி மூன்று பிரிவுகளில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் வாரியத் தேர்வு எழுதினர், முதல் முறையிலேயே எத்தனை பேர் தேறினர்? "எங்கள் தேர்ச்சி நூறு விழுக்காடு" என்றால் போதாது. அறுபது பேர் சேர்ந்து முப்பது பேர் மட்டுமே தேர்வு வரை வந்து, அந்த முப்பது பேரும் தேறினாலும் நூறு விழுக்காடுதான். மற்ற முப்பது பேர் எங்கே?

இரண்டு: பயிற்சி எந்தெந்த மருத்துவமனைகளில்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்?

மூன்று: மூன்றாண்டுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? சீருடை, விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுத்தில் தர வேண்டும். கடன் எவ்வளவு மூடும், மீதி யார் தருவது?

நான்கு: ஒரு பாடத்தில் தவறினால் என்ன நடக்கும்? ஒரு பருவம் நீண்டால் கடன் நீளுமா, கைக்காசா?

ஐந்து: படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?

ஐந்தாவதற்கு இன்னொரு சோதனை உண்டு. கூலிம் மருத்துவமனையிலோ சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலோ செபராங் ஜெயாவிலோ உறவினரைப் பார்க்கப் போகும்போது, இளம் தாதி ஒருவரிடம் மெல்லக் கேட்கலாம்: "நீ எங்கேம்மா படிச்சே? என் மகளைச் சேர்க்கலாமா?" கையேட்டில் இல்லாத பதில் அங்கே கிடைக்கும்.

சேர்ந்த பிறகு

சேர்வது பாதி, கடப்பதே மீதி. முதல் பருவத்தில் பிள்ளைகளைத் தடுமாற வைப்பது மொழி. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய மொழி இடைநிலைப்பள்ளியில் முடித்த பிள்ளைக்கு உடற்கூற்றியல் புத்தகம் ஆங்கிலத்தில் வந்து நிற்கும். நாளுக்குப் பத்துச் சொல் என்று நோட்டில் எழுதி, மூன்று மொழியிலும் பொருள் எழுதி வந்தால் ஓராண்டில் மூவாயிரம் சொல்லைத் தாண்டிவிடலாம்.

அடுத்த தடை கணக்கு. 500 மில்லிலிட்டர் திரவத்தை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. நான்கு மணி நேரம் 240 நிமிடம். வகுத்தால் ஏறத்தாழ 42. நான்கை இரண்டு என்று மயங்கிப் போட்டால் 83 சொட்டு ஓடும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமான முதியவருக்கு அந்த வேகத்தில் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். பள்ளியில் கணக்குத் தப்பினால் சிவப்பு மையில் ஒரு கோடு. வார்டில் தப்பினால் ஓர் உயிர். கணிதத்தில் கிரெடிட் கேட்பது இதற்காகத்தான்.

மூன்றாவது தடை வார்டின் அதிர்ச்சி. முதல் வாரத்தில் மலச்சட்டி எடுக்க வேண்டி வரும். புண்ணைத் துடைக்க வேண்டி வரும். நேற்றுப் பேசிய நோயாளி இன்று இல்லாமல் போவார். "இதுக்காடா படிச்சேன்" என்று பிள்ளை தொலைபேசியில் அழும். அழட்டும். "அப்படின்னா வந்துடு" என்று அவசரப்படுவதும் தவறு. "பொறுத்துப் போ" என்று வாயை அடைப்பதும் தவறு. என்ன நடந்தது என்று முழுக்கக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பேசி முடித்ததும் பிள்ளை மறுநாள் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

நான்காவது நேரம். காலைப் பணி ஏழு முதல் இரண்டு, மாலைப் பணி இரண்டு முதல் ஒன்பது, இரவுப் பணி ஒன்பது முதல் காலை ஏழு என்பது பரவலான முறை. இரவுப் பணி முடித்து வந்த பிள்ளையைப் பகலில் கல்யாண வீட்டுக்கு அழைக்கக் கூடாது. தீபாவளிக்கு வரவில்லை என்று கோபிக்கக் கூடாது. வார்டு நாள் தவறினால் ஈடுகட்டியாக வேண்டும். செய்முறைகளுக்கான பதிவேட்டில் பயிற்றுநர் கையெழுத்து விழாமல் தேர்வுக்குப் போக முடியாது. "பொம்பளைப் பிள்ளை ராத்திரி வேலைக்கா?" என்று கேட்கும் உறவினருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தகப்பனார், மகள் அல்ல. தொழிற்சாலையிலும் இரவு வேலை இருக்கிறதே! அதை யாரும் கேட்பதில்லை.

தமிழ் தெரிந்த தாதி

இறுதியாக, பிள்ளைகள் தங்களிடம் இருப்பதாகவே உணராத ஒரு தகுதி. தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி ஒருவர், "நெஞ்சு கரிக்குது" என்கிறார். இன்னொருவர், "நெஞ்சை அழுத்துது, கை வரைக்கும் இழுக்குது" என்கிறார். தமிழ் தெரியாதவருக்கு இரண்டும் 'சாகிட் டாடா'தான், வெறும் நெஞ்சுவலி. முதலாவது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு, இரண்டாவது மாரடைப்பாக இருக்கலாம், நிமிடங்கள் முக்கியம். "தலை சுத்துது" என்பதும் "மயக்கமா வருது" என்பதும் ஒன்றல்ல. "மூச்சு வாங்குது" என்பதும் "மூச்சு முட்டுது" என்பதும் ஒன்றல்ல. கட்டிலில் இருப்பவர் தம் வேதனையைத் தம் மொழியில்தான் சரியாகச் சொல்ல முடியும். அந்த நேரத்தில் அருகில் நிற்கும் தாதிக்கு அந்த வேறுபாடு புரிந்தால், அது டாக்டரின் காதுக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பல மூடப்பட்டுவிட்டன. டிரசரைத் தெரிந்த தலைமுறை இப்போது கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் பெரிய மருத்துவமனை வார்டுகளில், தெரியாத முகங்களுக்கு நடுவே படுத்திருக்கிறது. அந்த வார்டுக்குள் பேத்தி ஒருத்தி சீருடையோடு நுழைந்து, "என்ன பாட்டி செய்யுது?" என்று கேட்க வேண்டுமானால், அவள் கடனில் மூழ்காமல், வாரியத் தேர்வில் தேறி, பெயர் பதிவாகி வந்திருக்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஐந்து கேள்விகளும், கையெழுத்துக்கு முன் ஒரு வார நிதானமும்தான். முகவரின் கார் காத்திருக்கட்டும்.